கைக்குழந்தையின் துணி குடும்பத்தின் பொறுப்பு

இடம்பெயரும் குடும்பம் கையில் எடுத்துச் செல்லும் பொருட்கள் சிலவே. அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், ஒரு பானை, இரண்டு பாய், மாற்றுடுப்பு. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இவற்றோடு இன்னொரு பொதியும் சேரும். பழைய சேலைகளையும் வேட்டிகளையும் கிழித்து மடித்து வைத்த குழந்தைத் துணிப் பொதி அது. 1990 யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களும், 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தவர்களும், 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவர்களும் அந்தப் பொதியின் அருமையை அறிவார்கள்.

போர் 2009 மே மாதம் முடிந்தது. மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஆயினும் சொந்தக் காணிக்கு மீளாமல் உறவினர் வளவிலும் வாடகை நிலத்திலும் வாழும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. வெள்ளமும் மண்சரிவும் வரும்போது பாடசாலைக் கட்டடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் தங்குவோர் வேறு. இத்தகைய இடங்களில் கிணறு பொதுவானது, மலசலகூடம் பொதுவானது, முற்றம் சிறியது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு குழந்தையின் துணியை எங்கே அலசுகிறோம், அந்த அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது என்பது அந்தக் குழந்தையை மட்டுமல்ல, அயலில் உள்ள எல்லாக் குழந்தைகளையும் பாதிக்கும்.

இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. குழந்தைத் துணியைச் சரியாகக் கையாண்டால் பணமும் மிஞ்சும், நோயும் குறையும். ஆனால் அது தாய் ஒருத்தி தனியே செய்து முடிக்கக்கூடிய வேலை அன்று. குடும்பம் முழுவதும் கை கொடுக்க வேண்டிய வேலை.

"பால்குடிப் பிள்ளைதானே"

எங்கள் ஊர்களில் முதியோர் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு. "பால்குடிப் பிள்ளைதானே, அதிலை என்ன அழுக்கு?" அன்பினால் சொல்லும் வார்த்தை அது. ஆனால் அது உண்மையன்று.

குழந்தையின் மலத்திலும் வயிற்றோட்டம், வயிற்றுளைவு, செங்கண்மாரி ஆகியவற்றை உண்டாக்கும் கிருமிகள் இருக்கலாம். தவழத் தொடங்கிய பிள்ளையின் மலத்தில் பூச்சி முட்டைகளும் இருக்கலாம். சிறு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் அடிக்கடி வருவதால் அவர்களின் மலத்தில் இக்கிருமிகள் பெரியோரின் மலத்தில் உள்ளதைவிடக் கூடுதலாக இருப்பதும் உண்டு. பெரியவர்கள் மலசலகூடத்துக்குப் போகிறார்கள். பிள்ளையின் கழிவோ வீட்டு வாசலில், அடுப்புக்குப் பக்கத்தில், கிணற்றடியில் அலசப்படுகிறது. அங்கிருந்து இலையானின் காலிலும், தாயின் விரலிலும், மழைத் தண்ணீரிலும் ஏறி மீண்டும் வாய்க்கு வருகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். குடாநாட்டின் நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். அதில் வெடிப்புகளும் பொந்துகளும் உண்டு. மேலே ஊற்றிய அழுக்குத் தண்ணீர் போதிய அளவு வடிகட்டப்படாமலே கிணற்று நீரோடு கலந்துவிடும். ஆகவே கிணற்றுக் கட்டில் வைத்துக் குழந்தைத் துணி அலசுவது, கிணற்றுக்குள்ளேயே அலசுவதற்குச் சமம் என்று நாம் எண்ண வேண்டும். வன்னியிலும் மன்னாரிலும் குளத்தில் அலசுவோருக்கும் இதுவே பொருந்தும். மேல்துறையில் அலசிய துணியின் அழுக்கு கீழ்த்துறையில் குளிக்கும் பிள்ளையின் வாய்க்குள் போகும்.

துணியா, பம்பர்ஸா?

ஒருமுறை கட்டி எறியும் நப்பியை எங்கள் மக்கள் எந்தக் கம்பனி செய்தாலும் "பம்பர்ஸ்" என்றே சொல்கிறார்கள். அந்தப் பெயரோடு அமெரிக்கக் கம்பனி ஒன்று அதை விற்கத் தொடங்கியது 1961 இல். இன்று எங்கள் சிறு கடைகளிலும் அது தொங்குகிறது.

அதை வாங்குவது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளையோடு தூரத்து வைத்தியசாலைக்கு பஸ்சில் போகும்போதும், தொடர் மழையில் துணி காயாதபோதும் அது பேருதவி. ஆனால் கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 6 என்றால் மாதத்துக்கு 180. இரண்டு ஆண்டுக்கு 4,320. உங்கள் கடையில் ஒன்றின் விலை என்னவோ அதனால் பெருக்கிப் பாருங்கள். கூலி வேலைக்குப் போகும் ஒருவரின் எத்தனை நாட் சம்பளம் அது என்று தெரியும்.

இன்னொன்று, எறிவதற்கு இடம் வேண்டும். பம்பர்ஸில் உள்ள பிளாஸ்ரிக்கும் நீரை உறிஞ்சும் துகளும் மண்ணில் உக்குவதில்லை. மலசலகூடக் குழிக்குள் போட்டால் குழி விரைவில் நிரம்பும், குழாய் அடைபடும். வேலிக்கு வெளியே எறிந்தால் நாய் இழுத்துக்கொண்டு அடுத்த வீட்டு முற்றத்துக்கு வரும். எரித்தால் அந்தப் புகை சுவாசத்துக்குக் கேடு. கட்டாயம் பாவிக்க வேண்டி வந்தால் மலத்தை முதலில் மலசலகூடத்தில் தட்டிவிட்டு, சுருட்டிக் கட்டி, குப்பை எடுக்கும் இடமானால் அதில் சேருங்கள். குப்பை எடுக்காத இடமானால் கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் எட்ட ஆழமாகக் குழிதோண்டிப் புதையுங்கள்.

ஆகவே நாளாந்தம் துணி, தேவைக்கு மட்டும் பம்பர்ஸ் என்பதே எங்கள் நிலையில் உள்ள குடும்பங்களுக்கு ஏற்ற வழி.

எந்தத் துணி, எத்தனை?

நூற்துணியே நல்லது. பலமுறை தோய்த்து மெதுமையான பழைய நூற்சேலை, வேட்டி, சாரம் ஆகியவற்றுக்கு நிகரான புதுத்துணி இல்லை. நைலோன், பொலியெஸ்ரர் துணிகள் ஈரத்தை உறிஞ்சா. வியர்வையில் தோலைப் புண்ணாக்கும்.

ஒரு பக்கம் 22 அங்குலம் உள்ள சதுரமாக வெட்டுங்கள். 45 அங்குல அகலமும் 6 யார் நீளமும் உள்ள சேலையில் இத்தகைய 18 துண்டுகள் எடுக்கலாம். இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்தால் 9 தடித்த துணிகள். நான்கு முழ வேட்டியில் 6 துண்டுகள் எடுக்கலாம். ஓரத்தை மடித்துத் தையுங்கள். தைக்காத ஓரத்தின் நூல் பிரிந்து பிள்ளையின் விரலிலோ ஆண்குறியிலோ சுற்றி இறுகினால் அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் நின்றுவிடும். காரணமின்றி வீரிட்டு அழும் பிள்ளையின் கால் விரல்களையும் அவிழ்த்துப் பாருங்கள்.

பிறந்த பிள்ளைக்கு நாளுக்கு 10 அல்லது 12 தடவை துணி மாற்ற நேரும். ஒன்று கட்டியிருக்க, ஒன்று கொடியில் காய, ஒன்று மடித்திருக்க வேண்டும். எனவே 24 துணிகள் இருந்தால் நாளுக்கு ஒருமுறை தோய்த்துச் சமாளிக்கலாம். 12 மட்டும் இருந்தால் காலையும் மாலையும் தோய்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. றங்குப் பெட்டியிலும் அலுமாரியிலும் பூச்சி உருண்டை போட்டு வைத்த பழந்துணியைக் கைக்குழந்தைக்குப் பாவிக்க வேண்டாம். சில பிள்ளைகளுக்குப் பரம்பரையாக இரத்தத்தில் ஒரு குறைபாடு உண்டு. வெளியே தெரியாது. நப்தலீன் எனப்படும் அந்த உருண்டையின் மணம் ஏறிய துணி அப்பிள்ளைகளின் செங்குருதிக் கலங்களை உடைத்து, கடும் செங்கண்மாரியை உண்டாக்கும். பிறந்த பிள்ளைக்கு அது மூளையையே பாதிக்கலாம். நிவாரணமாக வரும் பழந்துணிகளையும் மணந்து பாருங்கள். உருண்டை மணம் இருந்தால் பெரியவர்களுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைத் துணி வைக்கும் பெட்டிக்குள் காய்ந்த வேப்பிலை போதும்.

கட்டும் முறை

துணியை முக்கோணமாக மடித்து, பிள்ளையின் இடுப்பின் கீழ் வைத்து, நுனியைக் கால்களுக்கு இடையால் எடுத்து, இரு பக்க முனைகளையும் முன்னால் மெதுவாக முடியுங்கள். ஊசி குத்த வேண்டியதில்லை. முடிச்சுக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

தொப்புள்கொடி விழும்வரை துணியின் மேல் ஓரத்தைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிடுங்கள். அது காற்றுப்பட்டு உலர வேண்டும். சாம்பல், சாணம், மஞ்சள், எண்ணெய் எதுவும் தொப்புளில் பூசக்கூடாது. சாம்பலிலும் சாணத்திலும் ஏற்புவலிக் கிருமி இருக்கலாம்.

பிள்ளையின் இரு கால்களையும் நீட்டி இறுக்கிச் சுற்ற வேண்டாம். தவளையின் கால்போல மடங்கி அகன்றிருப்பதே இடுப்பு மூட்டுக்கு நல்லது. துணிக்கு மேல் பிளாஸ்ரிக் பையைக் கட்டுவதும் கூடாது. உள்ளே புழுங்கிப் புண் வரும். அவிழ்ந்த பை முகத்தில் விழுந்தால் மூச்சடைக்கும்.

தோய்க்கும் முறை

தண்ணீர் குறைந்த இடத்தில் இரண்டு வாளியும் ஒரு மூடியும் இருந்தால் போதும். இவ்வாறு செய்யலாம்.

1. மலத்தை ஓர் இலையாலோ சிராம்பாலோ வழித்து மலசலகூடத்தில் போடுங்கள். மலசலகூடம் இல்லாத இடத்தில் கிணற்றுக்கு எட்டக் குழி வெட்டிப் போட்டு உடனே மண்ணால் மூடுங்கள்.

2. குளிர்ந்த தண்ணீரில் முதலில் அலசுங்கள். சுடுதண்ணீரில் போட்டால் கறை துணியில் பிடித்துவிடும். இந்த முதல் அலசல் தண்ணீரை மலசலகூடத்திலேயே ஊற்றுங்கள்.

3. உடனே தோய்க்க முடியாவிட்டால் வாளியில் ஊறவிட்டு இறுக மூடி, மேலே கல் வையுங்கள். இலையான் மொய்க்காமலிருக்க மட்டுமல்ல, தவழும் பிள்ளை வாளிக்குள் தலைகீழாக விழாமலிருக்கவும் இது அவசியம். ஒரு சாண் தண்ணீரே பிள்ளையின் உயிரை எடுக்கப் போதும்.

4. சவர்க்காரம் போட்டுக் கசக்குங்கள். சலவைத் தூள் போட்டால் குறைவாகப் போடுங்கள். வெளிற்றும் குளோரின் தூளில் ஊறவைக்க வேண்டாம். பிள்ளையின் தோலுக்கு ஆகாது.

5. நுரை முற்றாகப் போகும்வரை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். துணியில் தங்கும் சவர்க்காரமே பல பிள்ளைகளின் தோற் புண்ணுக்குக் காரணம். கடைசி அலசல் தண்ணீர் தெளிவாக இருக்கும். அதை ஊற்றிவிடாமல் அடுத்த தோய்ப்பின் முதல் அலசலுக்கு மூடி வைக்கலாம்.

6. கிழமைக்கு ஒருமுறையாவது துணிகளைக் கிடாரத்தில் 10 நிமிடம் கொதிக்க வையுங்கள். பிள்ளைக்கு வயிற்றோட்டமோ தோற் புண்ணோ உள்ள நாட்களில் தினமும் கொதிக்க வைப்பது நல்லது. சமைக்கும் பானையில் அவிக்கக்கூடாது.

7. வெயிலில் கொடியில் போட்டு இரு பக்கமும் காயவிடுங்கள். வெயில் காசில்லாத மருந்து. வேலியிலும் தரையிலும் போட வேண்டாம். முள்ளும் எறும்பும் துணியோடு வரும்.

8. இறுதியில் கைகளைச் சவர்க்காரம் போட்டு, நகக்கண் உட்படக் கழுவுங்கள். பிள்ளையின் மலத்தைத் துடைத்த பின்னும், சமைக்கும் முன்னும், பிள்ளைக்கு ஊட்டும் முன்னும் சவர்க்காரத்தால் கை கழுவும் வழக்கம் மட்டுமே வயிற்றோட்டத்தை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைக்கும் என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

தோய்க்கும் இடம் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளியிருக்கட்டும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் இன்னும் தள்ளியிருந்தால் நல்லது. தண்ணீர் தேங்காதபடி சிறு வாய்க்கால் வெட்டி, கல்லும் மணலும் இட்ட குழிக்கு விடுங்கள். சவர்க்காரத் தண்ணீரை வாழைக்கு விடலாம். கீரைப் பாத்திக்கும் வல்லாரைப் பாத்திக்கும் விடக்கூடாது. வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போட்டு உண்கிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

சவர்க்காரம் கிடைக்காத காலத்தையும் எங்கள் மக்கள் கண்டவர்கள். 1990 களில் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது பனம்பழத்தைப் பிசைந்து துணி தோய்த்தார்கள். அந்த நிலை மீண்டும் வந்தால் பனங்களியாலோ சாம்பல் தெளிவாலோ தோய்க்கலாம். ஆனால் வழக்கத்திலும் கூடுதலாக அலசி, கொதிக்க வைத்தே பிள்ளைக்குக் கட்ட வேண்டும். சாம்பற் காரம் தோலைச் சுடும்.

மாரி காலத்தில்

ஒக்டோபர் முதல் சனவரி வரை துணி காய்வது பெரும்பாடு. ஈரத்துணியைக் கட்டினால் பிள்ளைக்குக் குளிரும், பூஞ்சணப் புண்ணும் வரும். தறப்பாள் கூரையின் கீழ், காற்று வரும் பக்கமாக ஒரு கொடி கட்டுங்கள். துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாமல் இடைவெளி விட்டுப் போடுங்கள். பிழியும்போது காய்ந்த துவாய் ஒன்றுக்குள் வைத்து முறுக்கினால் பாதி ஈரம் போய்விடும். அடுப்புக்கு நேர் மேலே தொங்கவிட வேண்டாம். கொட்டில்களில் தீப்பிடிப்பதற்கு அது ஒரு வழி. சிரட்டைக்கரி ஸ்திரிக்கைப் பெட்டி இருக்கும் வீட்டில் ஓர் இழுப்பு இழுத்தால் மிச்ச ஈரமும் போகும், கிருமியும் சாகும்.

துணியின் தொகையைக் குறைக்க எங்கள் பாட்டிமாரின் வழியும் உண்டு. பிள்ளை தலை நிமிர்த்தத் தொடங்கியபின், பால் குடித்துச் சற்று நேரத்தில், நீட்டிய கால்களுக்கு இடையே பிள்ளையைத் தாங்கி இருத்தி "உஸ்" என்று ஒலி எழுப்புவார்கள். நாள் போகப் பிள்ளை அதற்குப் பழகிவிடும். கீழே ஒரு பழைய சட்டியை வைத்தால் மலத்தை நேரே மலசலகூடத்தில் ஊற்றலாம். பிள்ளையை வற்புறுத்தவோ அதட்டவோ கூடாது.

யார் என்ன செய்வது?

முன்னர் ஊரில் பிள்ளைப்பேற்றுத் துடக்கு நாட்களில் தாயின் துணியையும் பிள்ளையின் துணியையும் சலவைத் தொழில் செய்யும் குடும்பத்தார் எடுத்துச் சென்று வெளுத்துத் தரும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. பிறர் அழுக்கைச் சுமப்பது ஒரு சாராரின் பிறப்புக் கடன் என்று எண்ணிய அந்த வழக்கம் நீதியானதன்று. இடப்பெயர்வு அதைப் பெரும்பாலும் குலைத்துவிட்டது. ஆனால் அதன்பின் அந்தச் சுமை முழுவதும் தாயின் தலையில் விழுந்திருக்கிறது. பிள்ளை பெற்ற உடம்போடு தூரத்துக் குழாயடியில் வரிசையில் நின்று, தண்ணீர் சுமந்து, குந்தியிருந்து தோய்த்து, சமைத்து, பாலும் கொடுக்க வேண்டியவளாக அவள் இருக்கிறாள். களைத்த தாய்க்கு ஆறுதலாகப் பால் கொடுக்க நேரம் கிடைப்பதில்லை. பால் கொடுப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும். பிறகு பால்மா வாங்கும் செலவு வருகிறது. அந்தப் போத்தலோடு வயிற்றோட்டமும் வருகிறது.

நாம் போய் வந்த ஒரு கொட்டிலில் இளம் தகப்பன் ஒருவர் துணி அலசிக்கொண்டிருந்தார். மாமியாருக்கு அது பொறுக்கவில்லை. "தம்பி, உதை வையுங்கோ. ஆம்பிளையள் செய்யிற வேலையே உது?" என்றார். அவர் சிரித்துக்கொண்டே, "மாமி, தோட்டத்திலை எருவை வெறுங்கையாலை அள்ளினனான். அதுக்குக் குறையாத கை, என்ரை பிள்ளையின்ரை துணியாலையோ குறையப்போகுது?" என்று கேட்டார். மாமியார் ஒன்றும் சொல்லாமல் அலசிய துணிகளைக் கொடியில் போடத் தொடங்கினார்.

வேலையைப் பகிர்ந்தால் இவ்வாறு பகிரலாம். தண்ணீர் அள்ளுவதும், முதல் அலசலும், கொதிக்க வைப்பதும் தகப்பனுக்கு. காய்ந்ததை எடுத்து மடிப்பது அம்மம்மாவுக்கோ அப்பம்மாவுக்கோ. கொடியில் போடுவதும் மழைத் தூறல் கண்டால் ஓடிப்போய் எடுப்பதும் மூத்த பிள்ளைகளுக்கு, ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்ற பேதமின்றி. மலம் பட்ட துணியைச் சிறுவர்களிடம் கொடுக்க வேண்டாம். கணவனை இழந்து தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மார் எங்களிடையே பலர். அவர்களின் துணி வாளியில் அயலவர் ஒரு கை வைப்பது பெரிய உபகாரம்.

துணி சொல்லும் செய்தி

துணி கட்டுவதால் ஒரு நன்மை உண்டு. பிள்ளையின் உடல்நிலையை அது ஒவ்வொரு நாளும் எங்களுக்குச் சொல்கிறது. அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறந்து முதல் இரண்டு நாட்கள் மலம் கரும்பச்சையாகத் தார்போல இருக்கும். பின் பச்சையாகி, ஐந்தாம் நாளளவில் மஞ்சளாகும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை நாளில் பலமுறை இளக்கமாகப் போவது நோயன்று. ஐந்தாறு நாளுக்குப் பின் 24 மணித்தியாலத்தில் 6 துணிக்கு மேல் சலத்தால் நனைந்தால், பால் போதுமானது என்று தாய் மனம் ஆறலாம். "பால் காணாது" என்று அயலவர் சொல்வதைவிடத் துணியின் சாட்சியம் உறுதியானது.

பின்வருவனவற்றைக் கண்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பிள்ளையின் மலம் வெளிறி, சுண்ணாம்பு அல்லது களிமண் நிறமாக இருத்தல். அதோடு சலம் துணியில் மஞ்சட் கறை பிடித்தல். பிறந்து 14 நாளுக்குப் பின்னும் கண் மஞ்சளாக இருத்தல். இது ஈரலிலிருந்து பித்தம் இறங்கும் வழி அடைபட்டதன் அறிகுறியாகலாம். சத்திரசிகிச்சை பிறந்து 60 நாளுக்குள் நடந்தால் பயன் அதிகம். நாள் கடந்தால் ஈரல் கெட்டுவிடும்.

மலத்தில் இரத்தம் காணுதல். வயிற்றோட்டத்தோடு 6 மணித்தியாலமாகத் துணி நனையாதிருத்தல். உச்சிக்குழியும் கண்ணும் உட்குழிதல். பால் குடிக்க மாட்டாமல் சோர்ந்து கிடத்தல்.

வயிற்றோட்டம் தொடங்கியவுடன் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஒரு ஜீவனிப் பைக்கற்றை கொதித்தாறிய 1 லீற்றர் தண்ணீரில் முழுவதும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டியால் பருக்குங்கள். 24 மணித்தியாலத்தின் பின் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். நாக மருந்து கொடுப்பது பற்றி வைத்தியரைக் கேளுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளையாயின் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

தோற் புண் வந்தால்

ஈரத்துணியில் அதிக நேரம் கிடப்பதே புண்ணுக்கு முதற் காரணம். துணியை அடிக்கடி மாற்றி, வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, நாளில் சில தடவை துணியே கட்டாமல் காற்றுப்படக் கிடத்துங்கள். சுத்தமான தேங்காயெண்ணெய் சிறிதளவு பூசலாம். பவுடர் வேண்டாம்; அதன் தூசு பிள்ளையின் சுவாசப்பைக்குள் போகும். மூன்று நாளில் குறையாவிட்டால், தொடை மடிப்புக்குள் செந்நிறமாகிச் சுற்றிலும் சிறு பருக்கள் வந்தால், கொப்புளம் கட்டினால், காய்ச்சல் கண்டால் குடும்பநல மருத்துவமாதிடமோ கிளினிக்கிலோ காட்ட வேண்டும். பெரியவர்களின் களிம்பை எடுத்துப் பூசிவிட வேண்டாம்.

கேட்டுப் பெறவேண்டியவை

நிவாரணம் பெறும்போது எது கிடைத்தாலும் போதும் என்று வாய்மூடி இருக்கிறோம். ஆனால் அனர்த்த காலத்தில் மக்களுக்கு ஆகக் குறைந்தது என்ன கொடுக்க வேண்டும் என்று உதவி நிறுவனங்களும் செஞ்சிலுவை இயக்கமும் சேர்ந்து எழுதிய நியமங்கள் உள்ளன. 1997 இல் தொடங்கிய அந்த முயற்சிக்கு ஸ்பியர் என்று பெயர். அதன் 2004 ஆம் ஆண்டுக் கைநூல், ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீரும், மாதத்துக்குக் குளிக்க 250 கிராமும் துணி தோய்க்க 200 கிராமும் சவர்க்காரமும் வேண்டும் என்று கூறியது. துணி கட்டும் வழக்கமுள்ள இடங்களில் 2 வயது வரையுள்ள பிள்ளைக்குத் தோய்த்துப் பாவிக்கும் நப்பிகள் 12 வேண்டும் என்றும் கூறியது.

ஆகவே முகாமிலோ தங்குமிடத்திலோ உதவி நிறுவனத்தார் விபரம் எடுக்கும்போது கைக்குழந்தைகளின் தொகையைத் தனியே சொல்லுங்கள். துணியும் மேலதிகச் சவர்க்காரமும் மூடியுள்ள வாளியும் கேளுங்கள். துணி தோய்ப்பதற்குக் கிணற்றுக்கு எட்டச் சீமெந்துத் தளமும், கொடி கட்டுவதற்கு வெயில் படும் இடமும் கேளுங்கள். இது பிச்சை அன்று. இவற்றைத் தனியொருவர் கேட்பதிலும் தாய்மாரும் தகப்பன்மாரும் சேர்ந்து கேட்டால் பலன் உண்டு.

மீளக் காணிக்குப் போகும் நாள் எங்கள் கையில் இல்லை. வரம்பு கட்டுவதும் விதைப்பதும் அந்த நாளுக்காகக் காத்திருக்கின்றன. ஆனால் பிள்ளை வளர்வது காத்திருப்பதில்லை. அதன் முதல் இரண்டு ஆண்டுகள் இந்தக் கொட்டிலிலேயே கழியப்போகின்றன என்றால், அந்த இரண்டு ஆண்டுகளையும் நோயின்றிக் கழிக்க எங்கள் கையில் உள்ள வழி இது. அதற்குத் தேவையானவை பழைய சேலை இரண்டு, ஒரு கட்டிச் சவர்க்காரம், மூடியுள்ள வாளி, வெயில், மனம் ஒத்த குடும்பம். இன்று மாலை கொடியில் காயும் துணிகளை எடுத்து மடிக்கும் வேலையை வீட்டிலுள்ள ஆண்கள் தொடங்கட்டும்.